காஞ்சிபுரம் இட்டிலியும் உளுந்துச் சாகுபடியும்

விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளையும் தானியங்களை விற்றுப் பணமாக்குவதில் காட்டும் கவனத்தை, அவற்றைத் தங்கள் குடும்பத்தின் ஆகாரமாக்கிக் கொள்வதிலும் காட்டுதல் அவசியம். நெல்லும் உளுந்தும் விளையும் வீட்டில், பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகளுக்கும், வயலில் வேலை செய்வோருக்கும், விசேஷங்களுக்கு வரும் உறவினருக்கும் கடைப் பலகாரத்தை விலை கொடுத்து வாங்குவது வீண் செலவாகும். சுலபமாகச் செய்யக்கூடியதும், கட்டி எடுத்துச் செல்ல ஏற்றதும், ஒரு நாள் வரை கெடாததுமான சிற்றுண்டி ஒன்று காஞ்சிபுரத்தில் நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்து வருகிறது.

பட்டு நெசவுக்கும் ஆலயங்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சி நகரில், சின்னக் காஞ்சிபுரம் என்று வழங்கும் பகுதியில் வரதராஜப் பெருமாள் ஆலயம் உள்ளது. அதன் மடைப்பள்ளியில் தயாராகி நிவேதனமாகும் இட்டிலிக்குக் கோயில் இட்டிலி என்றும், குடலை இட்டிலி என்றும் பெயர். நீண்டு உருண்ட மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, அதில் மாவை ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைப்பார்கள். வெந்தபின் குடலையிலிருந்து எடுத்துத் துண்டு துண்டாக அறுத்து விநியோகிப்பார்கள். நிவேதனத்திற்குப் புழுங்கலரிசி கொள்வதில்லையாகையால் பச்சரிசியே சேர்க்கப்படுகிறது. காரத்திற்கு மிளகும் சுக்குமே உரியவை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக இந்நாட்டிற்கு வந்த பயிர். ஆலயங்களின் பழைய பாகமுறைகளில் அதற்கு இடமில்லை.

இந்த இட்டிலி ஒரு நாள் வரை கெடாமலிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. மாவு புளிக்கும்பொழுது உண்டாகும் அமிலம், கெடுதல் செய்யும் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. நெய்யும் நல்லெண்ணெயும் சேர்வதால் இட்டிலி விரைவில் காய்ந்து இறுகுவதில்லை. தேங்காய் சேராமையால் ஊசிப்போகும் அபாயமும் குறைவு.

சத்தைப் பொறுத்தும் இது சிறந்த ஆகாரமாகும். அரிசியில் புரதம் 100-க்கு 7 பங்கு அளவே உள்ளது. உளுந்தில் ஏறக்குறைய 24 பங்கு உண்டு. அன்றியும், அரிசியின் புரதத்தில் குறைவாயுள்ள லைசின் என்னும் சத்து உளுந்தில் மிகுதி. உளுந்தில் குறைவாயுள்ள மெத்தியோனின் அரிசியிலிருந்து கிடைக்கிறது. இரண்டும் சேரும்பொழுது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது.

வீட்டில் செய்யும் விதம்

குடலையும் நெடுநேர அடுப்பும் இல்லாத வீடுகளில், விளிம்பு உயர்ந்த தட்டுகளில் இதே மாவை ஊற்றி வேகவைத்து வில்லைகளாக அறுத்துக் கொள்ளலாம். பத்துப் பேருக்கு வேண்டிய அளவு வருமாறு:

பச்சரிசி 500 கிராம், தோல் நீக்கிய முழு உளுந்து 500 கிராம், புளிக்காத தயிர் 100 மில்லி, நெய் 50 மில்லி, நல்லெண்ணெய் 50 மில்லி, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 2 தேக்கரண்டி, சுக்குப்பொடி 1 தேக்கரண்டி, பெருங்காயப்பொடி அரைத் தேக்கரண்டி, உப்பு 20 கிராம், கறிவேப்பிலை கொஞ்சம்.

அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே நான்கு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். உளுந்தை நீர் தெளித்துப் பொங்க அரைத்து, அரிசியை மெல்லிய ரவை பதத்தில் அரைத்து, இரண்டையும் உப்புடன் கையால் நன்றாகக் கலந்து வைக்க வேண்டும். மாவு பொங்குமாதலால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பலாகாது. கோடையில் 8 மணி நேரத்திலும், மார்கழி, தை மாதங்களில் 12 மணி நேரத்திலும் மாவு புளித்து எழும்பும்.

அதன்பின் நெய்யையும் எண்ணெயையும் சூடாக்கி மிளகு, சீரகம், கறிவேப்பிலையைப் பொரித்து, சுக்கு, பெருங்காயத்துடன் மாவில் சேர்த்துத் தயிரையும் விட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். மாவு தோசை மாவைவிடக் கெட்டியாக இருத்தல் நலம். தட்டுகளில் நெய் தடவி, அல்லது மந்தாரை இலையோ வாழையிலையோ பரப்பி, ஒரு விரற்கடை உயரத்திற்கு மாவை ஊற்றிக் கொதிக்கும் நீரின்மேல் மூடி 20 முதல் 25 நிமிஷம் வரை வேகவைத்தால் போதும். ஈர்க்கைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வருவது வெந்ததற்கு அடையாளம்.

வெந்த தட்டை நன்றாக ஆறவிட்ட பின்னரே அறுக்க வேண்டும். சூட்டோடு சம்புடத்தில் அடைத்தால் ஆவி நீராகி இட்டிலியைக் கெடுத்துவிடும். வெளியூருக்கும் பள்ளிக்கும் கொண்டு போகும்போது தேங்காய்ச் சட்டினியைத் தவிர்த்து, எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி அனுப்புவதே உத்தமம். ஒரு நாளுக்கு மேற்பட்டதை உண்ணலாகாது.

உளுந்தின் தரம்

இவ்வளவும் செய்தும் இட்டிலி கல்போல் அமைவதுண்டு. பெரும்பாலும் அது சமையலின் குற்றமன்று, உளுந்தின் குற்றம். உளுந்திலுள்ள பிசுபிசுப்பான பசையே, மாவு புளிக்கும்பொழுது தோன்றும் வாயுவைப் பிடித்து நிறுத்தி மாவை எழும்பச் செய்கிறது. நாட்பட்டதும், வண்டு துளைத்ததுமான உளுந்தில் இக்குணம் குன்றிவிடும். நம் நாட்டிற்கு வேண்டிய உளுந்தில் ஒரு பகுதி பர்மா எனப்பட்ட மியான்மர் தேசத்திலிருந்து இறக்குமதியாகி வருகிறது. சொந்த நிலமும் ஈரமும் உள்ளவர்கள் கடை உளுந்தை நம்பியிருப்பதற்கு நியாயமில்லை.

சாகுபடிக் குறிப்புகள்

காஞ்சிபுரம் வட்டாரம் ஏரிப் பாசனத்தை நம்பியது. சம்பா அறுவடையாகும் தை மாதத்தில் ஏரியில் நீர் குறைந்துவிட்டால் நவரை நெல் நட இயலாது. அத்தகைய வருஷங்களில் நிலத்தைத் தரிசாகப் போடாமல், எஞ்சிய ஈரத்தில் உளுந்து எடுக்கலாம். நெல் அறுவடைக்கு 5 முதல் 10 நாட்களுக்கு முன், மண் மெழுகு பதத்தில் இருக்கும்பொழுது ஏக்கருக்கு 10 கிலோ விதையைச் சீராகத் தூவ வேண்டும். நெல்தரிசுக்கு ஆடுதுறை 3 என்னும் ரகம் நீண்டகாலமாகக் கையாளப்பட்டு வருகிறது. மஞ்சள் தேமல் நோயைத் தாங்கவல்ல ரகம் வேண்டுவோருக்கு, புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட வம்பன் 8 போன்ற ரகங்கள் உண்டு. விதையை ரைசோபியம் கலந்து விதைத்தால் வேர் முடிச்சுகள் பெருகித் தழைச்சத்து நிலத்திலும் சேரும்.

பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், 15 நாட்கள் கழித்து மறுமுறையும் 2 சத டி.ஏ.பி. கரைசலைத் தெளித்தல் காய்ப்பை மிகுவிக்கும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிவை மட்டும் வடித்து 200 லிட்டர் ஆகும்படி நீர் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். தேமல் கண்ட செடிகளை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழிக்க வேண்டும். வெள்ளை ஈக்களே அந்நோயைப் பரப்புகின்றன. 65 முதல் 75 நாட்களில் பயிர் அறுவடைக்கு வரும்.

முழு வயலையும் உளுந்துக்கு விட இயலாதவர்கள் நெல் வயலின் வரப்புகளிலாவது ஊன்றலாம். அதனால் வீட்டுச் செலவுக்கு உளுந்து கிடைப்பதுடன், நெற்பூச்சிகளைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளும் வயலை நாடி வரும்.

சேமிப்பு

பயறு வண்டு களத்திற்கு வந்த பின்னரே உண்டாவதென்று பலர் எண்ணுவது தவறு. வயலில் முற்றிய காய்களின்மீதே அது முட்டையிடுகிறது. ஆகையால் காய்களை முற்றியவுடன் தாமதியாமல் எடுத்து, கடித்தால் உடையும்படி வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரம் 100-க்கு 10 பங்குக்கு மேற்படலாகாது. வீட்டு உபயோகத்திற்கு வைப்பதில் சிறிது சமையல் எண்ணெயைப் பிசறி, காற்றுப் புகாத கலத்தில் வைத்தால் வண்டு பெருகாது. முழு உளுந்தைவிட உடைத்த பருப்பில் வண்டின் தொல்லை குறைவு.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

நெல்லுக்குப் பின் வரும் உளுந்து பல கிராமங்களில் அடங்கலில் பதியப்படாமல் விடுபட்டுப் போவதுண்டு. அடங்கலில் பதிவில்லாத பயிருக்குக் காப்பீடு கோருவதும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மத்திய அரசு நிர்ணயிக்கும் ஆதரவு விலைக்கு விற்பதும் விவசாயிக்குக் கடினமாகும். எனவே கிராம நிர்வாக அலுவலர்கள் மாசி மாதத்தில் வயல்களை மறுபடி பார்வையிட்டு இரண்டாம் பயிரைத் தவறாமல் பதிவு செய்தல் வேண்டும். விவசாயிகளும் விதைத்தவுடன் அதைத் தெரிவித்துப் பதிவைச் சரிபார்த்துக் கொள்வது கடமையாகும்.

ஏரியில் நீர் குறைந்த வருஷத்தில் தரிசாய்ப் போகவிருந்த நிலத்திலிருந்து ஒரு சிறு விளைச்சல் கிடைத்தாலும், குடும்பத்தின் வருஷச் செலவுக்கு வேண்டிய உளுந்து அதில் அடங்கும். மிகுதி விலையாகும். அடுத்த சம்பாவுக்கு நிலமும் வளம் பெறும். காஞ்சி வட்டார விவசாயிகள் வரும் தைப் பட்டத்தில் ஒரு சிறு பகுதியிலேனும் இதைச் செய்து பார்த்துப் பயனடைவார்களாக.