ஆவணக் களஞ்சியமும் அதன் வாயிலும்

செய்திகளைத் தொகுத்துக் காக்கும் கணிப்பொறிக் களஞ்சியத்திற்குத் தரவுத்தளம் என்பது பெயர். சில தரவுத்தளங்களில் செய்திகள் யாவும் வரிசையும் பத்தியும் வகுத்த அட்டவணையில் அடங்குதல் வேண்டும். ஆவணத் தரவுத்தளத்திலோ ஒவ்வொரு பொருளைப் பற்றிய செய்தியும் தனி ஆவணமாக அமையும். ஒரு நூலின் ஆவணத்தில் ஆசிரியர் ஒருவர் இருக்கலாம். மற்றொன்றில் மூவர் இருக்கலாம். அதனால் இடர் இல்லை. 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த மாங்கோ டிபி இவ்வகையைச் சார்ந்தது.

பைதான் மொழியில் எழுதப்பட்ட நிரல் இக்களஞ்சியத்தை அடைவதற்குப் பைமாங்கோ என்னும் இணைப்புக் கருவி துணைபுரிகிறது. அதனிடம் சேவையகத்தின் முகவரியையும் வாயில் எண்ணையும் கூறுதல் வேண்டும். வழக்கமான வாயில் எண் 27017 ஆகும். பின்னர்த் தரவுத்தளத்தின் பெயரையும் ஆவணத் தொகுதியின் பெயரையும் குறித்து ஆவணத்தை இடலாம். அப்பெயருடைய தொகுதி முன்பு இல்லையாயின், முதல் ஆவணம் புகும்போதே அது தோன்றும். ஆதலின் பெயரில் ஓரெழுத்துப் பிழைப்பினும், பிழையான பெயரில் புதிய தொகுதி உண்டாகிவிடும்.

இணைத்தல் எளிது, காத்தலே அரிது. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடவுச்சொல் இன்றி இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் மாங்கோ டிபி களஞ்சியங்களுள் தீயோர் புகுந்தனர், ஆவணங்களை அழித்தனர், அவற்றை மீட்டுத் தருவதாகக் கூறிப் பொருள் கேட்டனர். அவர்கள் பூட்டை உடைத்துப் புகவில்லை. அங்குப் பூட்டே இல்லை.

எனவே, முதல் ஆவணத்தை இடுமுன்னரே கடவுச்சொற் காவலை அமைத்தல் வேண்டும். அச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தலும் தகாது. அது, கதவைப் பூட்டித் திறவுகோலை அதிலேயே தொங்கவிடுவதை ஒக்கும்.