பெயர் மயக்கம் தீரவேண்டும்

சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா செல்லும் பெருஞ்சாலையில், கும்மிடிப்பூண்டியைக் கடந்து ஆந்திர எல்லையை எட்டுமுன் எளாவூர் வருகிறது. சோதனைச் சாவடியும் ரயில் நிலையமும் உள்ள ஊர். கிழக்கே பழவேற்காட்டுக் காயல். இவ்வூரை ஒருவர் படம் பிடித்து, பொதுப் படக் களஞ்சியம் ஒன்றில் ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயரை மட்டும் குறித்துச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். அவ்வெழுத்துக்களை எலவூர் என்றும் படிக்கலாம், ஏலாவூர் என்றும் படிக்கலாம். போதாக்குறைக்குக் கேரளத்தில் எர்ணாகுளம் ஜில்லாவில் எளவூர் என்றோர் ஊரும் உண்டு. ஆக, எல்லைச் சாவடியின் படமும் மலையாள நாட்டுக் கோயில் திருவிழாவின் படமும் ஒரே பெயரின் கீழ் வந்து சேரும்.

இது அற்ப விஷயமென்று சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. இன்று படம் என்பது சாட்சி. ஏரி எவ்வளவு பரந்திருந்தது, ஆறு எங்கே கரையை உடைத்தது, தொழிற்பேட்டை வருமுன் நிலம் எப்படியிருந்தது என்பவற்றையெல்லாம் சர்க்காரின் முன்னும் நியாயஸ்தலத்திலும் எடுத்துக் காட்ட வல்லது அது. சாட்சி உயிரோடிருந்தும், அழைத்த பெயருக்கு வராவிட்டால் வழக்கு தோற்றுப்போகும்.

நமது திருவள்ளூர் ஜில்லாவையே பாருங்கள். 'ஆரணி' என்று மூன்றெழுத்தில் குறித்தால் எதைக் கொள்வது? பட்டு நெசவுக்குப் பேர்போன திருவண்ணாமலை ஜில்லா ஆரணியா? பொன்னேரித் தாலுகாவிலுள்ள பேரூராட்சியா? ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பாய்ந்து பழவேற்காட்டருகே கடலை நாடும் ஆரணியாறா? வெள்ளச் சேதத்துக்கு அத்தாட்சி தேடும் விவசாயி, தறிகளையும் சேலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். 'பூண்டி' என்பதும் அப்படியே. சென்னையின் குடிநீருக்காக ஸ்ரீ சத்தியமூர்த்தி அரும்பாடுபட்டு, அவர் மறைந்த மறு ஆண்டான 1944-ல் நிறைவேறிய நீர்த்தேக்கமும் பூண்டிதான். பேச்சு வழக்கில் கும்மிடிப்பூண்டியும் பூண்டிதான்.

ஊர்ப் பெயர்களோடு இம்மயக்கம் நிற்கவில்லை. காயலில் கூடும் பறவைகளில் பூநாரை ஓர் இனம். சாம்பல் நாரை வேறோர் இனம். செங்கால் நாரை இன்னோர் இனம். மூன்றும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. வெறும் 'நாரை' என்று எழுதிவைத்தால் பறவை நூலாருக்கு அதனால் பயனில்லை.

இதற்குப் பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் பல பொருள் தரும் பெயருக்கு 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று ஒரு பக்கம் ஒதுக்கி, இன்ன பொருளுக்கு இங்கே செல்க என்று வழி காட்டுகிறார்கள். அதுவே படங்களுக்கும் ஏற்ற முறை. வெறும் பெயரை எந்தப் படத்தின்மேலும் ஒட்டலாகாது. அது கைகாட்டி மரமாக மட்டும் நிற்கட்டும். படத்துக்குரிய பெயரில் அது இன்ன வகை என்று விளங்க வேண்டும்: ஆரணி (ஆறு), ஆரணி (பேரூராட்சி), பூண்டி (நீர்த்தேக்கம்). இரண்டும் ஒரே வகையானால் ஜில்லாவின் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் இதில் எச்சரிக்கை வேண்டும். நெசவு ஆரணி 1989 வரை வட ஆற்காடு ஜில்லாவிலிருந்தது. எளாவூர் 1997-க்கு முன் செங்கற்பட்டைச் சேர்ந்தது. ஜில்லாக்கள் பிரியும், பெயர் மாறும். ஆறு ஆறாகவே இருக்கும். 2012-ல் தோன்றிய விக்கித்தரவு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்திருப்பதன் நியாயம் இதுவே. பெயர் மாறினாலும் எண் மாறாது. பறவையின் இனம் நிச்சயமாகத் தெரியாதபோது, 'நாரை, இனம் தெரியவில்லை' என்று எழுதுவது யோக்கியமானது. ஊகித்து எழுதுவது பொய்ச் சாட்சிக்குச் சமானம்.

இனி மொழி விஷயம். விக்கிமீடியா பொதுவகம் 2004-ல் தொடங்கப்பெற்றது. இன்று பத்துக் கோடிக்கு மேற்பட்ட படங்களும் பிற கோப்புகளும் அதில் உள்ளன. அங்கே பகுப்புகளின் பெயர்கள் பொதுவாக ஆங்கிலத்திலேயே வைக்கப்படுகின்றன. உலகத்தார் அனைவரும் புழங்கும் இடத்தில் அதற்குக் காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் பழவேற்காடு என்று தேடும் மீனவர் மகன், 'புலிக்காட்' என்று அந்நியர் திரித்த பெயரை அறிந்தால்தான் தன் ஊரைக் காணலாம் என்பது நமக்குச் சம்மதமில்லை. 2019 முதல் அங்கே ஒவ்வொரு படத்துக்கும் பல மொழிகளில் குறிப்பு எழுத வசதியிருக்கிறது. கதவு திறந்திருக்க, நாம் வெளியே நின்று குறை கூறிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

தேச ஊழியர்கள் இதையும் ஓர் ஊழியமாகக் கொள்ளவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். எளாவூரிலும் சுற்றுக் கிராமங்களிலும், எந்த ஓடைக்கு எந்தப் பெயர், எந்த மதகு எந்த ஏரிக்குரியது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாலிபர்கள் அவர்களருகே உட்கார்ந்து, கைவசமுள்ள படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஊர், பொருள், வருஷம் மூன்றையும் தெளிவாகக் கேட்டு எழுதட்டும். இதற்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம், பொறுமை போதும். அம்முதியவர்கள் மறைந்தபின், பெயரற்ற படங்களைக் கையில் வைத்துக்கொண்டு நாம் யாரைப் போய்க் கேட்பது?