மைசூருக்கு ஒரே ஒரு ராத்திரி வாடகை

பையும் பட்ஜெட்டும் – 9

குடும்பத்தோடு எங்காவது போய் வரலாம் என்று பேச்செடுத்தால், நம் வீடுகளில் முதலில் வருவது தொகைதான். "பத்தாயிரத்துக்குள்ள முடிச்சுக்கணும்" என்று ஒருவர் சொல்வார். "பத்தாயிரத்துக்கு எங்க போறது, மகாபலிபுரம்தான்" என்று இன்னொருவர் இழுப்பார். டிக்கெட் இவ்வளவு, ரூம் இவ்வளவு என்று இரண்டு பெரிய எண்களை எழுதிக் கூட்டியதும் கணக்கு முடிந்துவிடும். ஊர் திரும்பிய பிறகு பார்த்தால் அந்த இரண்டு எண்களும் அப்படியேதான் இருக்கும். ஆனால் பர்ஸ் காலியாகியிருக்கும். எதில் போனது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

போனது நடுவில் விழுந்த வெட்டி நேரத்தில். ரயில் காலை 7 மணிக்குப் போய்ச் சேரும், லாட்ஜில் ரூம் 12 மணிக்குத்தான் கொடுப்பார்கள். மறுநாள் பகல் 12 மணிக்கு ரூமைக் காலி செய்யச் சொல்வார்கள், ரயிலோ ராத்திரிதான். இந்த இடைவெளிகளில்தான் தேவையில்லாமல் ஆட்டோ பிடிப்போம், ஏ.சி. ஓட்டலில் போய் உட்காருவோம், சலித்துப்போன பிள்ளைகள் கையைக் காட்டியதையெல்லாம் வாங்கிக் கொடுப்போம். அதனால் இந்த வாரம் ரூபாயைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கடிகாரத்தை வைத்து ஒரு பயணம் போட்டுப் பார்க்கலாம். ஊர் மைசூர். போகிறவர்கள் ஐந்து பேர்: கணவன், மனைவி, 7 வயதிலும் 10 வயதிலுமாக இரண்டு பிள்ளைகள், அறுபதைத் தாண்டிய பாட்டி. புறப்படுவது சென்னையிலிருந்து.

மைசூரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அரண்மனை, நகரப் பேருந்து நிலையம், தேவராஜா மார்க்கெட், ஜகன்மோகன் அரண்மனை எல்லாம் நடந்தே போகும் தூரத்தில் இருக்கின்றன. ரயில் நிலையமும் அரண்மனையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வாக்கில்தான். ஓர் ஊரில் செலவு குறையுமா என்பதை அதன் லாட்ஜ் வாடகையை வைத்து முடிவு செய்யக் கூடாது. பாட்டியால் எவ்வளவு தூரம் நடந்து பார்க்க முடியும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிழமையில் தொடங்குவோம். மைசூர் அரண்மனைக்கு விளக்குப் போடுவது ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை 7 மணிக்கு. ஒரு லட்சத்துக்குச் சற்றே குறைவான பல்புகள் ஒரே நேரத்தில் எரியும். முக்கால் மணி நேரம் இருக்கும். அதைப் பார்க்கக் காசு கிடையாது. காசில்லாமல் கிடைக்கும் இந்தக் காட்சிதான் பயணத்தின் உச்சம் என்பதால், ஞாயிறு மாலையை முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். வெள்ளி ராத்திரி சென்னை சென்ட்ரலில் காவேரி எக்ஸ்பிரஸ் ஏறினால், சனிக்கிழமை காலை 7 மணி சுமாருக்கு மைசூர். ஞாயிறு ராத்திரி 8 மணிக்கு மேல் அதே ரயில் திரும்புகிறது. திங்கள் காலை சென்னை. மூன்று ராத்திரியில் இரண்டு ரயிலில் கழிந்துவிடும், ரூம் வாடகை ஒரே ராத்திரிக்குத்தான்.

ஸ்லீப்பர் டிக்கெட் ஆளுக்கு 300 ரூபாய் வாக்கில் வரும். ஐந்து பேர் போய்வர 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தே பாரத்தில் போகலாமே என்பார்கள். தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் 2022 நவம்பரில் இதே தடத்தில்தான் ஓடத் தொடங்கியது. ஆறரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும், ரூம் கிடைக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும், எல்லாம் உண்மைதான். ஆனால் ஸ்லீப்பரைப் போல நான்கு மடங்கு கட்டணம், அதோடு ஒரு பகல் முழுக்க ரயிலிலேயே போய்விடும். பாட்டிக்கு ராத்திரி ரயில் ஒத்துக்கொள்ளாது என்றால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.

டிக்கெட் எடுப்பதில் இரண்டு நுணுக்கம். இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது; 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. வெள்ளி போய் ஞாயிறு திரும்பும் டிக்கெட்டுக்குத்தான் எப்போதும் அடிதடி. போகும் டிக்கெட் எடுத்த இரண்டாம் நாள் காலை 8 மணிக்குத் திரும்பும் டிக்கெட் திறக்கும், அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். போவது உறுதியாகி, திரும்புவது வெயிட்டிங் லிஸ்ட்டில் நின்றால் கடைசியில் ஐந்து பேரும் ஆம்னி பஸ்ஸில் வர வேண்டியிருக்கும். மிச்சம் பிடித்த மொத்தமும் அதில் கரைந்துவிடும்.

இரண்டாவது, பாட்டியின் லோயர் பெர்த். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் மூத்த குடிமக்களுக்கான லோயர் பெர்த் ஒதுக்கீடு கணக்கில் வராது. தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவருடன் இருவராகவோ போகும் டிக்கெட்டுக்குத்தான் அது பொருந்தும். அதனால் பாட்டிக்குத் தனி டிக்கெட், அந்த ஒதுக்கீட்டிலேயே. பெட்டி வேறாகிவிடுமோ என்று பயமாக இருக்கும். பெட்டி மாறினாலும் பக்கத்தில் வருகிறவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். கையில் லோயர் பெர்த் இருப்பவர் மாற்றிக்கொள்ளக் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

பிள்ளைகள் விஷயத்திலும் ஒரு சபலம் வரும். 5 வயது முதல் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட், வேண்டும் என்றால் முழு டிக்கெட். சின்னவளை அம்மா பக்கத்தில் போட்டுக்கொண்டால் போக 150, வர 150 மிச்சம். ஆனால் அந்த அம்மா ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார். சனிக்கிழமை காலை தூக்கமில்லாமல் இறங்கும் அம்மா, "எதுக்கு அலையணும், ஒரு ஆட்டோவப் புடி" என்று சொல்ல எல்லா உரிமையும் உள்ளவர். அந்த 300 மிச்சம் வேண்டாம்.

லாட்ஜ் ரயில் நிலையத்துக்கு அருகே தன்வந்திரி சாலைப் பக்கத்திலோ, காந்தி சதுக்கத்தைச் சுற்றியோ இருக்கட்டும். நீச்சல்குளம் போட்டோ காட்டும் ரிசார்ட்டுகள் ஊருக்கு வெளியே இருக்கும், வாடகையில் குறைத்ததை வண்டிக்காரர் வாங்கிக்கொள்வார். போனில் கேட்க வேண்டிய கேள்வி வாடகை எவ்வளவு என்பது மட்டுமில்லை. "24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?" என்று கேளுங்கள். "காலையில ஏழரைக்கு வந்தா பை வெச்சுக்கலாமா, முகம் கழுவிக்கலாமா?" என்று கேளுங்கள். மைசூர் லாட்ஜ் கவுண்டர்களில் பெரும்பாலும் தமிழிலேயே பேசலாம். "ரூம் பன்னெண்டுக்குத்தான் சார், பை வெச்சுட்டுப் போங்க, பாத்ரூம் இருக்கு" என்ற பதில் வந்தால் அந்த லாட்ஜைப் போடலாம். கூடுதல் கட்டிலோடு ஐந்து பேருக்கு ஒரே ரூம், 2,000 ரூபாய்க்குள் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். தசரா பத்து நாளும் இந்த வரம்பை மறந்துவிட வேண்டியதுதான். அப்போது தினமும் விளக்கு எரியும், வாடகையும் சேர்ந்து எரியும்.

சனிக்கிழமை காலை பையைப் போட்டுவிட்டு டிபன். பிள்ளைகளுக்கு சௌசௌ பாத் வாங்குங்கள்: ஒரே தட்டில் ஒரு பக்கம் கேசரி, ஒரு பக்கம் காரா பாத். இனிப்பு தனி, டிபன் தனி என்று இரண்டு முறை ஆர்டர் செய்ய வேண்டியதில்லை. சாம்பாரில் வெல்லம் போட்டிருப்பார்கள், பாட்டி ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். அவருக்குச் சட்னி போதும் என்று முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

பிறகு நகரப் பேருந்து நிலையத்தில் சாமுண்டி மலை பஸ். இங்கே நம்மூர்ப் பெண்களுக்கு ஒரு தகவல். கர்நாடக அரசு பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது அந்த மாநில முகவரியோடு அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். நாம் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். 2023-இல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து கோயில் ஊர்ப் பஸ்களில் வாரக் கடைசியில் கால் வைக்க இடம் இருக்காது. காலையில் முதல் கூட்டத்தோடு போய்விட்டால் பாட்டிக்கு உட்கார இடம் கிடைக்கும். மேலே தரிசனம் முடிந்ததும் கணவனும் பிள்ளைகளும் படி வழியாக நந்தி வரை இறங்கலாம். 17-ஆம் நூற்றாண்டில் ஒரே கல்லில் செதுக்கிய நந்தி, ஏறத்தாழ 15 அடி உயரம். மொத்தம் ஆயிரத்துக்கு மேல் படிகள் இருந்தாலும், மேலிருந்து நந்திக்கு அதில் சிறு பங்குதான். பாட்டியும் மனைவியும் பஸ்ஸிலேயே இறங்கட்டும். பகல் 12 மணிக்கு எல்லோரும் லாட்ஜில். ரூம் தயாராக இருக்கும். சாப்பிட்டுத் தூங்குங்கள். ஊர் சுற்ற வந்த இடத்தில் பகலில் தூங்குவதா என்று யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மூன்று மணி நேரம் யாரும் எதுவும் வாங்காமல் இருக்கும் ஒரே நேரம் அது.

மாலை தேவராஜா மார்க்கெட். இங்கே அவசரப்படவே கூடாது. குங்குமக் கடைகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று பொடிகளைக் கூம்புகூம்பாகக் குவித்து, நுனி கலையாமல் வைத்திருப்பார்கள். பூ வரிசையில் மைசூர் மல்லிகையைக் கடைக்காரர் முழங்கையை நீட்டி அளந்து, கடைசியில் ஒரு சாண் கூடவே விட்டுத் தருவார். நஞ்சன்கூடு ரசபாளைப் பழம் கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள், எப்போதும் கிடைப்பதில்லை. சயாஜி ராவ் சாலைப் பக்கம் வந்தால், மைசூர்பாகை முதலில் செய்த அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் வழிவந்தவர்கள் நடத்தும் கடை. கால் கிலோ போதும். உறவுக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து வாங்க ஆரம்பித்தால் பட்ஜெட் அங்கேயே உட்கார்ந்துவிடும். சந்தன சோப்பும் வேண்டாம். அது உங்கள் தெருமுனைக் கடையிலேயே அதே விலைக்கு இருக்கிறது. "அரண்மனை மூடியிருக்கு சார், சில்க் பேக்டரி காட்டறேன்" என்று மலிவு விலைக்கு அழைக்கும் ஆட்டோவில் ஏறவே ஏறாதீர்கள். உங்களைக் கடையில் இறக்கினால் அவருக்குக் கமிஷன்.

பிருந்தாவனம் போக வேண்டாமா என்று இந்நேரம் பாட்டி கேட்டிருப்பார். அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் டூயட் பாடிய பூந்தோட்டம் ஆயிற்றே. 1932-இல் கட்டி முடிந்த கிருஷ்ணராஜ சாகர் அணையின் அடியில் இருக்கிறது, அணை அருமையானது. ஆனால் ஊரிலிருந்து 20 கிலோமீட்டர், நீரூற்று ஆட்டம் இருட்டிய பிறகுதான், திரும்பி வரும்போது பிள்ளைகள் தூக்கத்தில். ஒரு வண்டிச் செலவும் ஒரு மாலையும் அதற்கே போகும். இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. பாட்டி விடாப்பிடியாக இருந்தால் அவர் கட்சியே ஜெயிக்கட்டும், அப்போது சனிக்கிழமை மார்க்கெட்டை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்க்கப் பார்க்காதீர்கள்.

ஞாயிறு காலை ரூமைக் காலி செய்து, பையை லாட்ஜிலேயே விட்டுவிட்டு, 8.30 மணிக்கு மிருகக்காட்சிசாலை திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். 1892-இல் தொடங்கியது, செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. வாரக் கடைசியில் டிக்கெட் கொஞ்சம் கூட. காலையில் மிருகங்கள் நடமாடும், வெயில் ஏறிய பின் எல்லாம் நிழலில் படுத்துவிடும். பாட்டிக்கு பேட்டரி வண்டி உண்டு, அந்தக் காசைக் கணக்குப் பார்க்க வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜகன்மோகன் அரண்மனையின் ஓவியக்கூடம்: ரவிவர்மா படங்கள், கையில் விளக்கேந்திய பெண்ணைத் தீட்டிய ஹல்தன்கரின் ஓவியம். அரை வெளிச்சத்தில் அந்தப் படத்தின் முன் நின்றால் பிள்ளைகளே சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள்.

பெரிய அரண்மனைக்கு 3.30 மணிக்குப் போங்கள், காலையில் வேண்டாம். உள்ளே 5.30 மணி வரைதான். பழைய மரமாளிகை 1897-இல் எரிந்துபோக, நம் உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் பங்குள்ள ஹென்றி இர்வின் வரைந்து 1912-இல் கட்டி முடித்தது இப்போது நிற்பது. கல்யாண மண்டபத்தில் மயில்கள் வரைந்த கண்ணாடிக் கூரையை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். செருப்பை வெளியே விட வேண்டும், டோக்கனை அப்பா சட்டைப்பையில் போடட்டும். மாலை வெளியே வந்ததும் கணவன் மட்டும் போய் லாட்ஜிலிருந்து பைகளை எடுத்து, ரயில் நிலையத்து கிளோக் ரூமில் போட்டுவிட்டு, இட்லியும் தயிர்சாதமும் பார்சல் கட்டிக்கொண்டு 6.30-க்குத் திரும்பி வந்துவிடலாம். மற்றவர்கள் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். 7 மணிக்கு விளக்கு எரிந்ததும் கால்மணி நேரம் பார்த்துவிட்டு, கூட்டம் கலைவதற்கு முன் வெளியே வந்து ஆட்டோ பிடியுங்கள். இந்த ஓர் ஆட்டோவுக்குப் பேரம் பேசாதீர்கள்.

கூட்டிப் பார்ப்போம். ரயில் 3,000. ரூம் 2,000. சாப்பாடு, டிபன், தண்ணீர் இரண்டு நாளைக்கும் 3,000. நுழைவுச் சீட்டு 1,200. உள்ளூர் பஸ், ஆட்டோ 800. பத்தாயிரத்தில் எதுவும் மிஞ்சவில்லை. அதனால் மேலே ஒரு 1,000 ரூபாயை பாட்டியிடம் கொடுத்து வையுங்கள். அவரிடமிருந்து வாங்க எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும்.

மதுரை, தூத்துக்குடிக்காரர்களுக்குத் தூத்துக்குடி – மைசூர் எக்ஸ்பிரஸும் மாலையில் கிளம்பிக் காலையில் சேர்கிறது. ஒரே ராத்திரி வாடகைக் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்; ஆனால் திரும்பும் ரயில் ஞாயிறு விளக்கு எரிவதற்கு முன்பே கிளம்பிவிடும். கோவைக்காரர்களுக்குப் பொருந்தாது. சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் ஏற வேண்டும், 27 கொண்டை ஊசி வளைவு, காட்டுப் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடையும் உண்டு. பகலில் போய்ப் பகலில் திரும்ப வேண்டியிருப்பதால் அவர்களுக்கு ராத்திரி மிச்சமாகாது. அவர்களுக்கு அதே பணத்தில் வேறு ஊர் வைத்திருக்கிறேன். அது அடுத்த வாரம்.

(தொடரும்)