விழித்திரை அழற்சியும் பார்வைப் பாதுகாப்பும்

உடலின் உறுப்புக்களில் பிராணவாயுவை மிகுதியாகச் செலவிடுபவற்றுள் விழித்திரையும் ஒன்று. அதற்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் பார்வைக்குக் கேடு விளைகிறது. இத்தடை அழற்சியினால் நேருமாயின், அழற்சியை உரிய காலத்தில் தணிப்பதே பார்வையைக் காக்கும் முதற்பணியாகும். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, இந்தியாவில் இளவயது ஆண்களிடையே பெரிதும் காணப்படும் ஈல்ஸ் நோய். பர்மிங்காம் நகரின் கண் மருத்துவர் ஹென்றி ஈல்ஸ் 1880-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்தார்.

நோய் வளரும் விதம்

முதலில் விழித்திரையின் ஓரங்களிலுள்ள சிரைகளின் சுவர்கள் அழற்சியுற்று, அவற்றைச் சுற்றி வெண்மையான உறை போன்ற படிவு தோன்றுகிறது. பின்னர் நுண்குழாய்கள் அடைபட்டு, அப்பகுதி இரத்தமின்றி வாடுகிறது. வாடிய திசு, புதிய குழாய்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. இவ்வாறு முளைக்கும் குழாய்கள் வலுவற்றவை. எளிதில் உடைந்து கண்ணினுள் இரத்தத்தைக் கசியவிடுகின்றன. நோயாளிக்கு வலி இராது. கண்முன் கரும்புள்ளிகளோ சிலந்தி வலை போன்ற நிழலோ மிதக்கும். சில வேளைகளில் பார்வை திடீரென மறையும். கசிவு மீண்டும் மீண்டும் நேர்ந்தால் தழும்புத் திசு சுருங்கி விழித்திரையையே பெயர்த்துவிடக்கூடும். காலப்போக்கில் பெரும்பாலும் இரு கண்களும் பாதிக்கப்படுகின்றன.

காசநோயின் தொடர்பு

இந்நோயின் காரணம் முற்றிலும் தெளிவாகவில்லை. எனினும் காசநோய்க் கிருமிக்கு உடல் காட்டும் மிகையான எதிர்ப்பே காரணமாகலாம் என்ற கருத்து நெடுங்காலமாக உண்டு. 1978-இல் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் நிறுவிய சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சியாளர்கள், நோயாளிகளின் விழித்திரைமீது படர்ந்த சவ்வுகளைச் சோதித்து, 2000-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழப் பாதிச் சவ்வுகளில் காசநோய்க் கிருமியின் மரபுப் பொருள் காணப்பட்டது. ஒப்பீட்டுக்கு எடுத்த பிற சவ்வுகளில் அது மிகக் குறைவாகவே இருந்தது. ஆயினும், பெரும்பாலான ஈல்ஸ் நோயாளிகளின் நுரையீரலில் காசநோய் இருப்பதில்லை என்பதும் கருதத்தக்கது.

சிகிச்சையின் வரிசை

கைவழியே சாயம் செலுத்திக் கண்ணைப் படமெடுக்கும் முறை 1961-இல் அறிமுகமானது. எக்குழாய் கசிகிறது, எப்பகுதியில் இரத்தமில்லை என்பதை அதனால் அறியலாம். அழற்சி தீவிரமாக உள்ளபோது பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் தரப்படுகின்றன. இவை வீக்கத்தைத் தணிக்குமேயன்றி, அடைபட்டுப்போன குழாய்களைத் திறக்கமாட்டா. ஆகவே தாமதம் ஈடுசெய்ய இயலாத இழப்பாகும். மறுபுறம், இம்மருந்து உறங்கும் காசநோயை எழுப்பக்கூடும். கண்புரையையும் கண் அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் உண்டாக்கலாம். எனவே தக்க பரிசோதனைகளுக்குப் பின், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே இதனை உட்கொள்ளவும், அளவைப் படிப்படியாகக் குறைக்கவும் வேண்டும்.

அழற்சி அடங்கிய பின்னரே லேசர் ஒளிச் சிகிச்சை செய்வது வழக்கம். இரத்தமற்ற பகுதியை ஒளியால் சுடும்போது அதன் பிராணவாயுத் தேவை குறைந்து, புதிய குழாய்களைத் தூண்டும் சுரப்பும் தணிகிறது. 1945-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை நோக்கிக் கண்ணைச் சுட்டுக்கொண்டவர்களைக் கண்ட ஜெர்மானிய மருத்துவர் மேயர்-ஷ்விக்கெராத், ஒளியையே மருந்தாக்க முனைந்ததிலிருந்து வளர்ந்த முறை இது. கண்ணில் இரத்தம் நெடுநாள் கரையாது தங்கினால், 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் மாகெமர் உருவாக்கிய அறுவை முறையால் அதனை அகற்றலாம்.

மக்கள் அறியவேண்டியது

மைசூரு மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் சகோதரி கிருஷ்ணாஜம்மணியின் பெயரால் அந்நகரில் காசநோய் மருத்துவமனை அமைந்தமை, அரண்மனையையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை என்பதை நினைவூட்டுகிறது. அங்குள்ள அக்ரஹாரம் போன்ற பழைய வட்டாரங்களில் வாழும் இளைஞர் எவருக்கேனும் கண்முன் புள்ளிகள் திடீரென மிதக்குமானால், அதனைக் களைப்பென்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. அதே நகரின் கே. ஆர். மருத்துவமனை போன்ற இடங்களில் கண்மணியை விரித்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணில் மட்டுமே குறி தோன்றினும் மற்றொன்றையும் காட்டுதல் இன்றியமையாதது. சிரையின் அழற்சி அடைப்பாக மாறுமுன் கிடைக்கும் அந்தச் சிறு அவகாசத்திலேயே பார்வை காக்கப்படுகிறது.