வீட்டுல கோ-கார்ட் கட்டப் போறீங்களா? இன்ஜின் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



வாரக் கடைசியில காசு கொடுத்து ட்ராக்ல பத்து நிமிஷம் கோ-கார்ட் ஓட்டிட்டு வர்றவங்களுக்கு ஒரு கட்டத்துல அந்த ஆசை வந்துடும். "நாலு பைப்பு, நாலு சக்கரம், ஒரு இன்ஜின். இதை நாமளே கட்டினா என்ன?" தாராளமா கட்டலாம். மெக்கானிக்கல் படிச்சிட்டு ஐ.டி.யில உட்கார்ந்திருக்கிற நம்ம ஆளுங்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாதுன்னு கூடச் சொல்வேன். ஆனா பட்ஜெட் போடும்போது பெரும்பாலானவங்க முதல் வரியில இன்ஜினை எழுதுவாங்க, கடைசி வரியில பிரேக்கை எழுதுவாங்க. காசு தீர்ந்து போறது எப்பவும் கடைசி வரியிலதான். அதனால தலைகீழா எழுதச் சொல்றேன்.

ஒரு கணக்குக்காக உங்க மொத்த பட்ஜெட் 60,000 ரூபாய்னு வச்சுக்குவோம். முதல்ல ஹெல்மெட், க்ளவுஸ், டிஸ்க் பிரேக் செட், ஸ்டீயரிங் பாகங்கள். அடுத்து ஃப்ரேம் பைப், வெல்டிங் கூலி, ஆக்சில், பேரிங், டயர். இதெல்லாம் போக மிஞ்சுறதுதான் இன்ஜினுக்கு. என் கணக்குல இன்ஜின், க்ளட்ச், செயின், ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்த்து மூணுல ஒரு பங்கை, அதாவது 20,000-ஐத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா பெரிய இன்ஜின் போட்ட, பிரேக் சரியில்லாத வண்டிதான் கிடைக்கும்.

இந்த 60,000 எங்கிருந்து வரணும்? மாசம் 5,000 வீதம் 12 மாசம் தனி ஆர்.டி.யில போடுங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. கிரெடிட் கார்டுல தேய்ச்சிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைச்சா, மாசம் 3.5% வட்டி போடுற கார்டுல 60,000-க்கு முதல் மாச வட்டியே 2,100. அது மேல 18% ஜி.எஸ்.டி. 378. ஆக 2,478 ரூபாய், வண்டி ஒரு அடி கூட நகராம போயிடும். ஃப்ரேம் கட்டவே எப்படியும் நாலஞ்சு மாசம் ஆகும். சேர்க்கச் சேர்க்க வாங்குங்க, இன்ஜினைக் கடைசியா வாங்குங்க.

எந்த இன்ஜின்?

நடைமுறையில மூணு வழி இருக்கு.

முதல் வழி, பம்ப்செட், பவர் டில்லர்ல வர்ற பொதுப் பயன்பாட்டு இன்ஜின். உலகம் முழுக்க வீட்டுல கார்ட் கட்டுறவங்க தேடிப் போறது ஹோண்டா ஜி.எக்ஸ்.160. 163 சி.சி., ஃபோர் ஸ்ட்ரோக், 3,600 ஆர்.பி.எம்.ல சுமார் 4.8 எச்.பி., எடை சுமார் 15 கிலோ. இழுத்தா ஸ்டார்ட் ஆகும், பேட்டரி வேண்டாம், வயரிங் வேண்டாம். அடிப்பாகம் தட்டையா இருக்கும், நாலு போல்ட்டுல உட்காரும். இதே வடிவத்துல சைனா இன்ஜின்களும் கிடைக்குது. ரெண்டுக்கும் உங்க ஊர் டீலர்கிட்டயே விலை கேளுங்க. நாலு எச்.பி. போதுமான்னு சிரிக்காதீங்க. சீட் தரையிலிருந்து சில அங்குலம்தான் இருக்கும், அங்க உட்கார்ந்து 40-ல போனா 80-ல போற மாதிரி இருக்கும்.

இதுல நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கு. ஆறு மாசத்துல ஆர்வம் போயிடுச்சுன்னா இந்த இன்ஜினைக் கழட்டி ஊர்ல தண்ணி இறைக்கப் பயன்படுத்தலாம், இல்ல விவசாயிகிட்ட விக்கலாம். மறுவிற்பனைக்கு ஆள் இருக்கிற பொருள் இது.

ரெண்டாவது வழி, பழைய ஸ்கூட்டர் இன்ஜின். கியர் தானா மாறும், செல்ஃப் ஸ்டார்ட் இருக்கும், இன்ஜினுக்குன்னே தனி ஃபேன் காத்து அடிக்கும். அந்த ஃபேன் மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியை "அசிங்கமா இருக்கு"ன்னு கழட்டிடாதீங்க, காத்தை சிலிண்டர் பக்கம் திருப்புறதே அதுதான். சிக்கல் என்னன்னா, ஸ்கூட்டர்ல இன்ஜினும் பின்சக்கரமும் ஒரே துண்டா ஆடுற மாதிரி செஞ்சிருப்பாங்க. கார்ட்ல அது ஆடாம நிக்கணும். அதுக்குத் தனி பிராக்கெட், ஹப்புல ஸ்ப்ராக்கெட் பொருத்த லேத் வேலை. இந்தக் கூலியை யாரும் முன்கூட்டி எழுதி வைக்கிறதில்ல.

மூணாவது, 100 அல்லது 150 சி.சி. பைக் இன்ஜின். ஓட்ட செம ஜாலி, ஒத்துக்கறேன். ஆனா க்ளட்ச், கியர் லிவரை கைக்குக் கொண்டு வரணும், முழு வயரிங்கும் வேணும், சீட்டுக்குப் பின்னாடி காத்து படாம சூடாகும். முதல் கார்ட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்துல பழைய இன்ஜின் தேடுறவங்களுக்கு ரெண்டு விஷயம். பி.எஸ்.6 வண்டிகள் 2020 ஏப்ரல்ல வந்துச்சு. அதுல பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்தான். இன்ஜினை மட்டும் தூக்கிட்டு வந்தா ஓடாது, ஈ.சி.யூ., சென்சார், ஃப்யூயல் பம்ப் எல்லாம் கூடவே வரணும். அதனால அதுக்கு முந்தைய கார்புரேட்டர் இன்ஜினா பாருங்க. அடுத்தது, இன்ஜின் நம்பர் எழுதின பில்லும், அது எந்த வண்டியோடதோ அந்த ஆர்.சி. நகலும் வாங்காம காசு கொடுக்காதீங்க. நம்பர் தேய்ச்ச இன்ஜின் பாதி விலைக்குக் கிடைச்சாலும் வேண்டாம். திருட்டு வண்டி இன்ஜின்னு தெரிஞ்சா, ஸ்டேஷன்ல போய் உட்காரப் போறது நீங்கதான்.

பொருத்துறது

ஜி.எக்ஸ். வகையையே எடுத்துக்கிட்டு சொல்றேன். இன்ஜினுக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஒரு சென்ட்ரிஃப்யூகல் க்ளட்ச் வரும். ஐடில்ல சும்மா சுத்தும், ஆக்சிலேட்டரை மிதிச்சா சுமார் 2,000 ஆர்.பி.எம். பக்கத்துல பிடிச்சு செயினை இழுக்கும். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இன்ஜின் ஷாஃப்ட்டை வெர்னியரால அளங்க. சிலதுல முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. இருக்கும், சிலதுல 20 மி.மீ. இருக்கும். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், ஆனா ஒண்ணுக்கு வாங்கின க்ளட்ச் இன்னொண்ணுல ஏறாது. பழைய பம்ப்செட் இன்ஜின்ல ஷாஃப்ட் மரை போட்டதாவும் இருக்கலாம், அது உதவாது. நேரான, சாவிக்காடி வெட்டின ஷாஃப்ட்தான் வேணும்.

அடுத்து ஸ்ப்ராக்கெட் கணக்கு. க்ளட்ச்ல 12 பல், ஆக்சில்ல 60 பல்னா விகிதம் 5-க்கு 1. இன்ஜின் 3,600 சுத்து சுத்தினா ஆக்சில் 720. பின் டயர் விட்டம் 11 அங்குலம்னா ஒரு சுத்துக்கு சுமார் 88 செ.மீ. நகரும். ஆக மணிக்கு சுமார் 38 கி.மீ. "வேகம் பத்தல"ன்னு பின்னாடி சின்ன ஸ்ப்ராக்கெட் போட்டா, பிக்-அப் குறையும், க்ளட்ச் முழுசாப் பிடிக்காம வழுக்கிக்கிட்டே இருக்கும், சூடாகி எரிஞ்சு போகும். புது க்ளட்ச் திரும்பவும் உங்க சம்பளத்துலதான்.

இன்னொரு ஆசை வரும்: கவர்னரைக் கழட்டினா வேகம் கூடுமேன்னு. 3,600-க்காகச் செஞ்ச கனெக்டிங் ராடும் ஃப்ளைவீலும் அதுக்கு மேல எவ்வளவு தாங்கும்னு உங்க முதுகுக்குப் பின்னாடி சோதனை பண்ண வேண்டாம்.

இன்ஜின் தட்டை 6 மி.மீ. எம்.எஸ். பிளேட்ல வெட்டுங்க. போல்ட் ஓட்டைகள் வட்டமா இல்லாம நீளமா இருக்கட்டும். அப்பதான் இன்ஜினை முன்னும் பின்னும் நகர்த்தி செயின் டென்ஷன் வைக்க முடியும். செயினோட நடுவுல விரல் வச்சு அழுத்தினா அரை அங்குலம் இறங்கினா சரி. ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்கோட்டுல இருக்கான்னு ஒரு ஸ்கேல் வச்சுப் பாருங்க. கோணலா இருந்தா செயின் கழண்டுக்கிட்டே இருக்கும். இன்ஜின் அதிரும், அதனால நைலாக் நட் போடுங்க. தட்டு மட்டமா இருக்கணும். உள்ள ஆயில் தெறிச்சுத்தான் எல்லாத்துக்கும் போகும், சாய்ஞ்சு நின்னா போகாது.

செயினுக்கும் ஆக்சிலுக்கும் மூடி கட்டாயம். பொழுதுபோக்கு ட்ராக்லேயே கூந்தல் சிக்கி உயிர் போன சம்பவங்கள் நம்ம நாட்டுல நடந்திருக்கு. துப்பட்டா, தளர்வான முடி எதுவும் வேண்டாம். சீட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு தகடு, ஆக்சிலேட்டருக்கு ரெண்டு ரிட்டர்ன் ஸ்பிரிங், ஸ்டீயரிங் பக்கத்துல கை எட்டுற தூரத்துல கில் ஸ்விட்ச். இந்த மூணுக்கும் ஆகுற செலவு ஒரு பிரியாணி பார்ட்டிக்கு ஆகுறதை விடக் குறைவு.

எங்க ஓட்டுறது? தெருவுல இல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தோட 39-வது பிரிவுப்படி பதிவு பண்ணாத வண்டியைப் பொது இடத்துல ஓட்டக் கூடாது. தனியார் இடமா, உரிமையாளர் அனுமதியோட ஓட்டுங்க. கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி ட்ராக்குன்னா, வெளியார் வண்டியை விடுவாங்களான்னு முதல்ல கேட்டுக்கங்க.

கூடவே உங்க ஹெல்த் பாலிசியில விலக்கு 09-ன்னு ஒரு பத்தி இருக்கும், படிங்க. மோட்டார் ரேஸிங் உட்பட ஆபத்தான விளையாட்டுல தொழில்முறையா கலந்துக்கிட்டா சிகிச்சைச் செலவு கிடைக்காதுன்னு அதுல இருக்கும். பொழுதுபோக்குக்கு ஓட்டுறது வேற. ஆனா பரிசுப் பணம் வச்ச போட்டியில இறங்குறதுக்கு முன்னாடி கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிக்கங்க. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ்னா எச்.ஆர்.கிட்ட கேளுங்க. பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியில விதிமுறை வேற மாதிரி இருக்கும், அதையும் தனியாப் பாருங்க.

கடைசியா, புது ஜி.எக்ஸ். இன்ஜின் பெட்டியில ஆயில் ஊத்தாமத்தான் வரும். சுமார் 0.58 லிட்டர் ஊத்தி, டிப்ஸ்டிக்ல அளவு பார்த்துட்டு, பின்சக்கரம் தரையில படாம ஸ்டாண்டு மேல ஏத்தி வச்சு, அப்புறமா கயிறை இழுங்க.