பாறசாலையில் ஒரு கணக்கு, களியக்காவிளையில் வேறு கணக்கு

புதுதில்லி: கேரளத்தின் பாறசாலையையும் தமிழகத்தின் களியக்காவிளையையும் பிரிப்பது 1956 நவம்பர் 1-ஆம் தேதி ஏற்பட்ட எல்லை. விளவங்கோடு, கல்குளம் உள்ளிட்ட வட்டங்கள் அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தங்கிவிட்டது. எல்லைக் கிராமங்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் இருபுறமும் உண்டு. ஓய்வூதியம் மட்டும் கோட்டைத் தாண்டுவதில்லை.

2008-ல் அரசுப் பணியில் சேர்ந்த இரு ஆசிரியர்களை எடுத்துக்கொள்வோம். தமிழகம் 2003 ஏப்ரல் 1-லேயே பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாறிவிட்டது. அங்கு சேர்ந்தவரின் ஊதியத்தில் 10 சதவீதம் பிடிக்கப்பட்டது. கேரளம் மாறியதோ 2013 ஏப்ரல் 1-ல். ஆகவே பாறசாலை ஆசிரியருக்குப் பழைய ஓய்வூதியம் நிலைத்தது. ஒரே ஆண்டில் சேர்ந்தும் முதுமை வெவ்வேறு.

பழைய திட்டத்தில் கணக்கு எளிது. கடைசிப் பத்து மாதச் சராசரி ஊதியத்தில் பாதி, 30 ஆண்டு தகுதிச் சேவைக்கு முழு ஓய்வூதியம். சராசரி ரூ.60,000, சேவை 27 ஆண்டு என்றால் மாதம் ரூ.27,000, 30 ஆண்டு நிறைந்திருந்தால் ரூ.30,000. பணிப் பதிவேட்டில் மூன்று ஆண்டு விடுபட்டால் ஆயுள் முழுவதும் மாதம் ரூ.3,000 போய்விடும். பதிவேட்டை ஓய்வுக்கு முன்பே சரிபார்ப்பது அதனால்தான் அவசியம்.

2013-க்குப் பின் சேர்ந்தோருக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. பழைய திட்டத்தினர் 56 வயதில் ஓய்வுபெற, இவர்களுக்கு வயது 60. சேர்ந்த தொகையில் குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆண்டுத்தொகைத் திட்டம் வாங்க வேண்டும். கிடைப்பது சந்தையின் கையில். மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு 2019 முதல் 14 சதவீதம் செலுத்த, கேரளம் 10 சதவீதத்தோடு நின்றது ஊழியர்களின் நெடுநாள் குறை.

அரசியல் அழுத்தம் பலிக்காமல் இல்லை. 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் கேரள நிதியமைச்சர் கே.என். பாலகோபால் உறுதியான ஓய்வூதியம் தரும் மாற்றுத் திட்டத்தை அறிவித்தார். மத்திய அரசு 2025 ஏப்ரல் 1-ல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. 25 ஆண்டு பணிக்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி. தமிழக அரசும் 2026 ஜனவரியில் இதே திசையில் திட்டம் அறிவித்தது. இவற்றில் ஊழியரின் பங்களிப்பு தொடர்கிறது என்பதைச் சங்கங்கள் மறக்கவில்லை.

எல்லைத் தமிழருக்கு இன்னொரு உரிமையும் உண்டு, பயன்படுத்துவோர்தான் குறைவு. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969-ன்படி தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே மனு எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும்.