மலையேறும் காரும் காற்றுக் கசிவும்

பழைய மொரிஸ் மைனர் காரொன்றின் காபரேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதிய ஊசியும் ஜெற்றும் இட்டுப் பூட்டியதாக வைத்துக்கொள்ளலாம். கொழும்பிலே அது செவ்வனே ஓடுகிறது. கினிகத்தேனை கடந்து ஹட்டனை அணுகுகையில் இழுவை தளர்கிறது. நுவரெலியாவை அடைவதற்குள் கரும்புகை கக்குகிறது; செங்குத்தான வளைவொன்றில் எஞ்சின் நின்றும்விடுகிறது. பின்னால் தேயிலை லொறி வரும் பாதையில் இது விளையாட்டன்று.

ஹட்டன் 4,000 அடிக்கும், நுவரெலியா 6,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளன. 6,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைய, பெற்றோல் அதே விகிதத்தில் குறைவதில்லை, கலவை செறிந்துவிடுகிறது. ஆயினும் உயரம் மாத்திரம் ஒரு காரை இவ்வளவு வருத்தாது. வேறொரு பிழை அடியில் மறைந்திருக்கக்கூடும்.

இந்தக் காரில், காற்று உட்செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒரே கஸ்கெற்றின் மேல் அமர்கின்றன. கழற்றிப் பூட்டும்போது அம்முகம் சற்றே வளைந்திருந்தாலும் இடுக்கு வழியே காற்று நுழையும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது உள்ளே செல்லும் காற்றே சொற்பமாதலால், சிறு கசிவும் பெரிதாகத் தோன்றி ஓட்டம் தடுமாறும். திருத்துபவர் என்ன செய்கிறார்? ஜெற்றின் திருகைக் கீழிறக்கிப் பெற்றோலைக் கூட்டுகிறார். தடுமாற்றம் அடங்குகிறது; கசிவோ அப்படியே இருக்கிறது. வேகமாக ஓடும்போது கசிவு பொருட்டாவதில்லை. கூட்டிய பெற்றோல்தான் மிஞ்சுகிறது. அதன்மேல் மலைக்காற்றும் மெலிந்தால் கரும்புகையன்றி வேறென்ன வரும்?

ஆகவே முதலில் கசிவைத் தேடவேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுழல, இணைப்பைச் சுற்றிச் சவர்க்கார நீரைத் தடவினால், கசியும் இடத்தில் சத்தம் மாறும். பெற்றோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. கொதிக்கும் புகைக்குழாய் அருகிலேயே இருப்பதால் அது தீயை வரவழைக்கும் செயல்.

கசிவை அடைத்தபின், சூடேறிய எஞ்சினில், காபரேற்றரின் பிஸ்டனை அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு மெல்ல உயர்த்திப் பார்க்கலாம். வேகம் கூடி அப்படியே நீடித்தால் கலவை செறிவு. உடனே தளர்ந்தால் மெலிவு. கணநேரம் சற்றே கூடி அடங்கினால் அளவு சரி. நுவரெலியாவில் இவ்வாறு திருகி மெலியவைத்த காரைக் கொழும்புக்கு இறக்குமுன், திருகிய அளவைக் குறித்து வைத்து மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பவேண்டும். தாழ்நிலத்தின் அடர்ந்த காற்றில் மெலிந்த கலவை எஞ்சினைச் சூடாக்கி, வால்வுகளைக் கருக்கிவிடும்.